இஸ்ரேல் கொடி: திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்களும் பதில்களும்

பிள்ளைங்களுக்கு வரலாறு சொல்லிக்குடுக்கிற ஆளு நான். உலக நாட்டுக் கொடிகள் பாடம் வந்தா மத்த கொடிகளுக்கு ரெண்டு கேள்வி வரும், இஸ்ரேல் கொடிக்கு மட்டும் இருபது வரும். அதுல பாதி பைபிள்ல இருந்து, மீதி வாட்ஸ்அப்ல இருந்து. பெரியவங்களும் அதையேதான் கேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லி அலுத்துப் போய்தான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

சார், அந்தக் கொடியில என்னதான் இருக்கு, முதல்ல அதைச் சொல்லுங்க

வெள்ளைத் துணி, மேலயும் கீழயும் படுக்கவாட்டுல ஒவ்வொரு நீலப் பட்டை, நடுவுல ஆறு முனை நட்சத்திரம், அதுவும் நீலம். அவ்வளவுதான். எழுத்தோ ஆயுதமோ மிருகமோ எதுவும் கிடையாது. நாட்டுக் கொடியா இதை முறைப்படி அறிவிச்சது 1948 அக்டோபர் 28.

ஒரு விஷயத்தை ஆரம்பத்துலயே மனசுல வெச்சுக்கங்க. இந்தக் கொடியில இருக்கற ஒவ்வொண்ணுக்கும் வயசு வேற வேற. நீலம் ரொம்பப் பழசு, பட்டை அதுக்கு அடுத்தது, நட்சத்திரம் யூதர்களோட அடையாளமா ஆனது அதுக்கும் ரொம்பப் பின்னாடி, மூணும் ஒரே துணியில சேர்ந்து சுமார் நூத்தி நாப்பது வருஷம்தான் ஆகுது. எல்லாமே தாவீது ராஜா காலத்துல இருந்து அப்படியே வந்துச்சுன்னு நினைச்சுக்கறதாலதான் பாதி குழப்பம் வருது.

அந்த ரெண்டு நீலக் கோடு எதைக் குறிக்குது?

யூதர்கள் ஜெபம் பண்ணும்போது தோள்ல போத்திக்கற சால்வைக்கு தாலித்னு பேரு. வெள்ளைத் துணி, ரெண்டு முனைப் பக்கமும் பட்டை ஓடும், நாலு மூலையிலயும் முடிச்சுப் போட்ட நூல் தொங்கல் இருக்கும். அந்தப் பட்டைதான் கொடியில வந்திருக்கு. பல ஐரோப்பிய யூதக் குடும்பங்கள்ல பட்டை கருப்பா இருக்கும், வேற சில இடங்கள்ல நீலமா இருக்கும், கொடிக்கு வந்தது நீலம்.

1897 ஆகஸ்ட்ல சுவிட்சர்லாந்தோட பாசல் நகரத்துல முதல் சியோனிச மாநாடு நடந்துச்சு, சியோனிசம்னா யூதர்களுக்குன்னு ஒரு நாடு வேணும்ங்கிற இயக்கம். கூட்டத்துக்குக் கொடி வேணும்னு பேச்சு வந்தப்ப என்ன நிறம், என்ன வடிவம்னு தலையை உடைச்சுக்கிட்டு இருந்தவர் டேவிட் வோல்ஃப்சோன், அந்த இயக்கத்துத் தலைவர் ஹெர்சலுக்கு ரொம்ப நெருங்கினவர், பின்னாடி அவருக்கப்புறம் இயக்கத்துக்கே தலைவரானவர். அப்ப அவருக்கு தாலித் ஞாபகம் வந்திருக்கு. நமக்குத்தான் ஏற்கெனவே ஒரு கொடி இருக்கே, தினம் ஜெபத்துல போத்திக்கறோமே, அதைப் பையில இருந்து எடுத்து விரிச்சுக் காட்டினாப் போதுமேன்னு தோணுச்சாம். இதை அவரே பின்னாடி நினைவு கூர்ந்திருக்கார். கொடியோட கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா பொதுவா கொடின்னா போர்க்களத்துல இருந்தோ அரசரோட முத்திரையில இருந்தோ வரும், இது ஜெபம் பண்ற ஆளோட தோள்ல இருந்து வந்திருக்கு.

நீலம்தான் ஏன்? வேற கலரே கிடைக்கலையா?

நம்ம பைபிள்லயே இருக்கு. எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்துல, வஸ்திரத்தோட ஓரத் தொங்கல்ல இளநீல நாடா கட்டணும்னு இஸ்ரவேலருக்குக் கட்டளை வருது. எபிரெய மொழியில அந்த நீலத்துக்குப் பேரு தெகேலெத். ஆசரிப்புக் கூடாரம் பத்தி வர்ற இடத்துல எல்லாம் இளநீலநூல்னு படிக்கறோமே, அதே நிறம்தான். இந்த நீலம் கடல் மாதிரி, கடல் வானம் மாதிரி, வானம் தேவனோட சிங்காசனம் மாதிரின்னு யூதர்களோட வேத விளக்கத் தொகுப்பான தல்மூத்ல ரபி மெயிர் (ரபின்னா யூத மதகுரு) சொன்னதா வருது. நூலைப் பாத்தா மேல இருக்கறவர் ஞாபகம் வரணும், அதுக்குத்தான்.

அந்தச் சாயம் ஒரு கடல் நத்தையில இருந்து எடுத்தது. ஏழாம் நூற்றாண்டு வாக்குல அந்தத் தொழிலே அழிஞ்சு போச்சு, எந்த நத்தைங்கிறதே மறந்து போச்சு, அதனால ஆயிரம் வருஷத்துக்கு மேல தொங்கல் நூலை வெள்ளையாவே விட்டுட்டாங்க. தாலித்ல இருக்கற பட்டை அந்தத் தொலைஞ்சு போன நீலத்தோட ஞாபகம்னு சொல்றவங்க உண்டு. 1880-கள்ல போலந்தோட ராட்சின் ஊர் ரபி ஒருத்தர் கணவாய் மீன்ல இருந்து எடுக்கலாம்னு ஆரம்பிச்சார். அப்புறம் ஐசக் ஹெர்சோக், இந்த விஷயத்துலயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணவர், ராட்சின் சாயத்தைச் சோதிச்சுப் பாத்தா அது ரசாயனமா செய்யற பிரஷ்யன் நீலம்னு தெரிஞ்சுச்சு. அவர் பின்னாடி இஸ்ரேலோட தலைமை ரபி ஆனார், அவர் மகனும் அதுக்கப்புறம் பேரனும் அந்த நாட்டுக்கு ஜனாதிபதி ஆனாங்க.

முரெக்ஸ்ங்கிற நத்தையாத்தான் இருக்கும்னு சந்தேகம் இருந்துச்சு, ஆனா அதோட சாயம் ஊதாவாத்தான் வந்துச்சு, நீலமா வரலை. 1980-கள்ல ராமத் கான்ல இருக்கற ஷென்கர் கல்லூரியில ஒட்டோ எல்ஸ்னர்ங்கிற வேதியியல் ஆளு சாயம் போட்டுப் பாத்தப்ப, மேகம் போட்ட நாள்ல ஊதாவும் வெயில் நாள்ல நீலமும் வர்றதைக் கவனிச்சார். சாயத் தொட்டி கரைஞ்ச நிலையில இருக்கும்போது வெயில் பட்டா அதுல இருக்கற புரோமின் கழண்டு போயிடுது, மிச்சம் இருக்கறது இண்டிகோ, அதாவது நம்ம அவுரி நீலம்தான். அந்தத் தொட்டியில இருந்து கம்பளி நூலை வெளிய எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையா இருக்கும், காத்து பட்டதும் கண்ணு முன்னாடியே நீலமா மாறும். ஆனா இதெல்லாம் கொடி வந்து ரொம்ப காலம் கழிச்சு நடந்தது, கொடித் துணிக்குப் போடறது சாதாரண நீலம்தான்.

டிசைன் பண்ணது யாரு? ஒரே ஒரு பேரு சொல்லுங்க, எக்ஸாமுக்கு வேணும்

ஒரே பேரு சொல்ல முடியாது, சொன்னா அது தப்பான விடை. 1885-ல பாலஸ்தீனத்துல ரிஷோன் லெசியோன்னு ஒரு யூதக் குடியேற்ற ஊர்ல மூணாவது ஆண்டு விழா ஊர்வலத்துக்கு இஸ்ரேல் பெல்கிந்தும் ஃபான்யா அப்ரமோவிச்சும் நீலமும் வெள்ளையுமா நட்சத்திரம் வெச்ச ஒரு கொடி தயார் பண்ணாங்க. 1891 ஜூலைல அமெரிக்காவோட பாஸ்டன் நகரத்துல ஒரு யூத சங்கத்தோட மண்டபத் திறப்பு விழாவுக்கு ஜேக்கப் அஸ்கோவித்தும் அவர் மகன் சார்லஸும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சாங்க, நட்சத்திரத்துக்கு நடுவுல பழைய காலத்து யூத வீரர்களான மக்கபேயர் பேரை எபிரெய எழுத்துல எழுதியிருந்தாங்க. அப்புறம் மேல சொன்ன வோல்ஃப்சோன், 1897.

இவங்க ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சாங்கன்னு சொல்றதுக்கு இல்ல. தாலித் எல்லார் வீட்லயும் இருந்துச்சு, நட்சத்திரம் எல்லா ஜெப ஆலயத்துலயும் இருந்துச்சு, அதனால கடல் தாண்டி இருந்தவங்களுக்கும் ஒரே யோசனை வந்திருக்கு. எக்ஸாம்ல "பாசல் மாநாட்டுக் கொடி" கேட்டா வோல்ஃப்சோன்னு எழுதுங்க.

ஹெர்சல்தான் டிசைன் பண்ணார்னு படிச்சேனே?

தியோடர் ஹெர்சல் ஒரு டிசைன் சொன்னது உண்மை, ஆனா அது இது இல்ல. யூதர்களுக்கு ஒரு நாடு வேணும்னு 1896-ல எழுதின புத்தகத்துல, வெள்ளைக் கொடியில ஏழு தங்க நட்சத்திரம்னு எழுதினார். வெள்ளை புது வாழ்க்கைக்கு, ஏழு நட்சத்திரம் ஏழு மணி நேர வேலை நாளுக்கு. பன்னிரண்டு மணி, பதினாலு மணின்னு தொழிலாளிங்க சக்கையா பிழியப்பட்ட காலத்துல ஏழு மணி நேரம்தான் வேலைன்னு கொடியிலயே எழுதணும்னு நினைச்சிருக்கார். அந்த யோசனையை இயக்கம் எடுத்துக்கலை. மக்களுக்கு ஏற்கெனவே மனசுல இருந்த தாலித் ஜெயிச்சிடுச்சு.

அந்த நட்சத்திரம் தாவீது ராஜாவோட கேடயத்துல இருந்ததுதானே?

பேரு அப்படித்தான், மாகென் தாவித், தாவீதின் கேடயம்னு அர்த்தம். பேர்ல நட்சத்திரம்ங்கிற வார்த்தையே இல்லைங்கிறதைக் கவனிங்க. ஆனா தாவீதோட கேடயத்துல இந்த வடிவம் இருந்துச்சுன்னு பைபிள்ல எங்கயும் இல்ல, தொல்லியல்லயும் ஆதாரம் இல்ல. கப்பர்நகூம்ல இருக்கற பழைய ஜெப ஆலயத்துக் கல்லுல ஆறு முனை நட்சத்திரம் இருக்கு, ஆனா அதே கட்டடத்துல அஞ்சு முனை நட்சத்திரமும் இருக்கு, ரெண்டுமே வெறும் அலங்காரம். நடுக்காலத்துல சாலொமோனின் முத்திரைங்கிற பேர்ல தாயத்து, மந்திரத் தகடு இதுலயெல்லாம் வந்துச்சு, அதை யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூணு பேருமே உபயோகிச்சாங்க.

யூத சமுதாயத்தோட சின்னமா இது மாறினது பிராக் நகரத்துலன்னு சொல்லலாம். 1354-ல பேரரசர் நான்காம் சார்ல்ஸ் அந்த ஊர் யூதர்களுக்குச் சொந்தக் கொடி பிடிக்க உரிமை குடுத்தார், பிராக் யூதர்களோட கொடியில இந்த நட்சத்திரம் நிலைச்சிடுச்சு. அங்கிருந்து வியன்னா, அப்புறம் மெதுவா ஐரோப்பா முழுக்க. 1656-ல வியன்னாவுல யூதர் பகுதிக்கும் கிறிஸ்தவர் பகுதிக்கும் நடுவுல நட்ட எல்லைக் கல்லுல ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் இந்த நட்சத்திரம். 19-ஆம் நூற்றாண்டுல தேவாலயத்துக்குச் சிலுவை இருக்கற மாதிரி ஜெப ஆலயத்துக்கு நமக்கும் ஒண்ணு வேணும்னு எல்லா இடத்துலயும் வெச்சாங்க.

நம்ம முருகனோட சரவணபவ யந்திரமும் இதே ஷேப்தானே, அப்ப அங்கிருந்து இங்க வந்துச்சா, இங்கிருந்து அங்க போச்சா?

வடிவம் ஒண்ணுதான். நம்மகிட்ட அது அறுகோணம், ஷட்கோணம். ஆறு முனைக்கு ச, ர, வ, ண, ப, வன்னு ஆறு எழுத்து, மேல் நோக்கின முக்கோணம் சிவம், கீழ் நோக்கினது சக்தின்னு அர்த்தம் சொல்றோம். ஆனா ரெண்டு முக்கோணத்தை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா யார் வரைஞ்சாலும் இதுதான் வரும். காம்பஸ் வெச்சு வட்டம் போட்டு அதே அளவுல ஆறு புள்ளி குறிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு சேத்துப் பாருங்க, அஞ்சாங்கிளாஸ் பையன்கூட போட்டுடுவான்.

அங்க போச்சு, இங்க வந்துச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. முருகன் கோயில்ல அது ஒண்ணைச் சொல்லுது, பிராக் ஜெப ஆலயத்துல வேற ஒண்ணைச் சொல்லுது. ரெண்டையும் அவங்கவங்க இடத்துல வெச்சுப் பாக்கறதுதான் மரியாதை.

அது ரெம்பான் தெய்வத்தோட நட்சத்திரம், சாத்தானோட சின்னம்னு சர்ச்ல ஒரு அண்ணன் சொன்னாரே?

ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்துலயும் அப்போஸ்தலர் 7-ஆம் அதிகாரத்துலயும் ஒரு அந்நிய தெய்வத்தோட நட்சத்திரத்தைச் சுமந்தாங்கன்னு கண்டிக்கிற வசனம் இருக்கு, அது உண்மை. ஆனா அந்த நட்சத்திரத்துக்கு எத்தனை முனைன்னு வசனத்துல இல்ல. ஆமோஸ் காலத்துக்கும் பிராக் கொடிக்கும் நடுவுல இரண்டாயிரம் வருஷம் இருக்கு, அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஆதாரமும் இல்லாம ரெண்டையும் முடிச்சுப் போடறது சரியில்ல. ஒரு ஜனத்தோட அடையாளத்தைச் சாத்தானோடதுன்னு சொல்ற பேச்சு ஐரோப்பாவுல எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு அடுத்த பதில்ல படிங்க.

ஹிட்லர் குத்த வெச்ச நட்சத்திரமும் இதுதானே? அவ்வளவு கஷ்டப்பட்டப்புறம் அதையே ஏன் கொடியில வெச்சாங்க?

கொடி முதல்ல வந்துச்சு, நாஜிகள் பின்னாடி வந்தாங்க, இதை மாத்திப் புரிஞ்சுக்கக் கூடாது. 1935-ல நியூரம்பர்க் சட்டம் போட்டப்ப, யூதர்கள் ஜெர்மன் தேசக் கொடியை ஏத்தக் கூடாது, யூத நிறங்களை வேணும்னா காட்டிக்கலாம்னு ஒரு பிரிவே எழுதினாங்க. நீ இந்த நாட்டு ஆளே இல்லைன்னு கொடியை வெச்சே சொன்னது அது. 1939 நவம்பர்ல, பிடிச்சு வெச்சிருந்த போலந்துப் பகுதியில, பத்து வயசு தாண்டின யூதர்கள் எல்லாரும் வெள்ளைக் கைப்பட்டையில நீல நட்சத்திரம் போட்டுத்தான் வெளிய வரணும்னு உத்தரவு. மஞ்சள் நட்சத்திரத்தை ஜெர்மனிக்குள்ள கட்டாயமாக்கினது 1941 செப்டம்பர்ல.

இப்ப போலந்துத் தலைநகர் வார்சாவை நினைச்சுப் பாருங்க. அதே வெள்ளையும் நீலமும் கையில கட்டாயமா கட்டி அடைச்சு வெச்சிருந்த ஊர். 1943 ஏப்ரல்ல அங்க மிச்சம் இருந்தவங்க எதிர்த்துச் சண்டை போட்டப்ப, முரனோவ்ஸ்கி சதுக்கத்துல ஒரு கட்டடத்தோட கூரையில போலந்துக் கொடியையும் நீல வெள்ளைக் கொடியையும் சேத்து ஏத்தினாங்க, எழுச்சியை ஒடுக்க வந்த ஜெர்மன் தளபதி ஸ்ட்ரூப் தன்னோட அறிக்கையிலயே அதைக் குறிச்சிருக்கான். அவமானப்படுத்தறதுக்காகக் கட்டவெச்ச நிறத்தைத் தாங்களா கூரையில ஏத்தின ஜனங்களைப் பாத்து, அப்புறமும் ஏன் அதையே வெச்சாங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை.

மே 14-ல நாடு அறிவிச்சாச்சு, கொடிக்கு ஏன் அக்டோபர் வரைக்கும்?

1948 மே 14 அன்னைக்கு டெல் அவிவ் அருங்காட்சியகத்துல முதல் பிரதமரான பென் குரியன் அறிவிப்பு படிச்சப்ப, பின்னாடி ஹெர்சல் படமும் அதுக்கு ரெண்டு பக்கமும் இதே கொடியும் தொங்குச்சு, போட்டோவுல பாத்திருப்பீங்க. ஆனா அது சியோனிச இயக்கத்தோட கொடி. உலகம் பூரா இருக்கற யூதர்கள் அவங்கவங்க ஊர்ல கூட்டத்துல அதை ஏத்தறாங்க, நாளைக்கு அதே கொடி ஒரு நாட்டோட கொடியாயிட்டா, "நீ வேற நாட்டு விசுவாசி"ன்னு அந்தந்த நாட்டுல அவங்களைக் குத்தம் சொல்வாங்களேன்னு தற்காலிக அரசுக்குப் பயம். அதனால புது டிசைன் அனுப்புங்கன்னு மக்கள்கிட்டயே கேட்டாங்க. வெளிநாட்டுல இருந்த யூதத் தலைவர்கள்கிட்டயும் கருத்து கேட்டாங்க, அவங்க பழசே இருக்கட்டும்னுட்டாங்க. மக்கள் மனசுலயும் வேற எதுவும் ஒட்டலை, கடைசியில பழைய கொடியே நின்னுச்சு.

மையால வரைஞ்ச கொடின்னு சொல்றாங்களே, அது என்ன?

1949 மார்ச் 10. செங்கடல் ஓரத்துல உம் ரஷ்ரஷ், இப்ப எய்லாத்னு சொல்ற இடம். இஸ்ரேல் படை போய்ச் சேந்துடுச்சு, ஏத்தறதுக்குக் கொடி இல்ல. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மை ஊத்தி ரெண்டு பட்டை வரைஞ்சு, முதலுதவிப் பெட்டியில இருந்த நட்சத்திரத்தைப் பிச்சு நடுவுல தைச்சு, ஒருத்தர் கம்பத்துல ஏறிக் கட்டினார். மிகா பெர்ரி எடுத்த போட்டோவுல பாத்தா பட்டை கோணல்மாணலாத்தான் இருக்கும்.

ரெண்டு கோடு நைல் நதியும் யூப்ரடீஸ் நதியும், நடுவுல இருக்கறதெல்லாம் எங்களுதுன்னு அர்த்தமாமே?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தே இதைப் பேட்டியில சொல்லியிருக்கார், அதனால இன்னும் பரவிக்கிட்டே இருக்கு. எகிப்து நதி முதல் யூப்ரடீஸ் வரைன்னு ஆதியாகமம் 15-ல ஒரு வசனம் இருக்கறது நிஜம், அதை வெச்சு அரசியல் பேசறவங்க அந்த நாட்டுல இருக்கறதும் நிஜம். ஆனா கொடியைச் செஞ்சவங்க யாரும் நதின்னு சொல்லலை, தாலித்னுதான் சொன்னாங்க, அந்தக் கதை மேல இருக்கு. பாஸ்டன்ல அப்பாவும் மகனும் ஒரு சங்க மண்டபத்துக்குக் கொடி செஞ்சப்ப நாடே கிடையாது, அப்ப எல்லை எங்கிருந்து வரும்?

இஸ்ரேல் அரசு எல்லை விஷயத்துல பண்றதை விமர்சிக்கணும்னா அதுக்கு நெறைய நிஜமான விஷயம் இருக்கு, துணியில இல்லாததைப் படிக்க வேண்டிய அவசியமே இல்ல.

அங்க இருக்கற அரபு மக்கள் இந்தக் கொடியை ஏத்துக்கிட்டாங்களா?

அந்த நாட்டுக் குடிமக்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தர் அரபு மக்கள். கொடியில இருக்கறது தாலித்தும் மாகென் தாவித்தும், ரெண்டுமே யூதர்களோடது, இதுல நான் எங்க இருக்கேன்னு அவங்க கேக்கறது நியாயமான கேள்வி. 2018-ல நிறைவேத்தின அடிப்படைச் சட்டம், இது யூத மக்களோட தேசம்னு சொல்லி இந்தக் கொடியையும் அதுலயே எழுதிடுச்சு, அப்ப அந்த வருத்தம் இன்னும் கூடிப்போச்சு. 1948-ல ஏழு லட்சம் அளவுக்குப் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தாங்க, அவங்க குடும்பங்களுக்கு இந்தக் கொடியைப் பாத்தா வேற ஞாபகம்தான் வரும். வார்சாவுல கூரையில ஏறினப்ப அந்தக் கொடி சொன்னதும் ஹைஃபாவை விட்டு வெளியேறின குடும்பத்துக்கு அது சொல்றதும் ஒண்ணு இல்ல. ரெண்டையும் மாணவர்களுக்குச் சொல்லணும்ங்கிறது என்னோட உறுதியான எண்ணம்.

யூதர்கள்லயே எல்லாரும் ஏத்துக்கலை. மேசியா வர்றதுக்கு முன்னாடி நாடு அமைக்கறதே தப்புன்னு நம்பற நெத்துரே கார்த்தா மாதிரி குழுக்கள் இந்தக் கொடியை மறுக்கறாங்க.

ஏழு கிளை விளக்குதான் பழைய சின்னம்னா அதை ஏன் கொடியில வெக்கலை?

நல்ல கேள்வி. மெனோரா நட்சத்திரத்தை விட ரொம்பப் பழசு, எருசலேம் ஆலயத்துல இருந்தது, ரோமாபுரியில டைட்டஸ் வளைவுல அதைக் கொள்ளையடிச்சுத் தூக்கிட்டுப் போற சிற்பமே இருக்கு. அதை நாட்டோட இலச்சினையா வெச்சுக்கிட்டாங்க, ரெண்டு பக்கமும் ஒலிவக் கிளையோட, ஷமீர் சகோதரர்கள் வரைஞ்சது, 1949 பிப்ரவரி 10-ல ஏத்துக்கிட்டது. கொடி வேற, இலச்சினை வேற, நம்ம மூவர்ணமும் அசோகத் தூண் சிங்கமும் மாதிரி.

ஆம்புலன்ஸ்ல சிவப்பு நட்சத்திரம் பாத்தேன், அதுவும் கொடியா?

இல்ல, அது மாகென் தாவித் அதோம், 1930-ல ஆரம்பிச்ச அவசர மருத்துவச் சேவை, நம்ம ஊர் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி. சிலுவையும் பிறையும் இல்லாத சின்னம்ங்கிறதால சர்வதேச அமைப்புல சேர ரொம்ப வருஷம் தடை இருந்துச்சு, 2005-ல சிவப்புப் படிகம்னு பொதுவா ஒரு சின்னம் உருவாக்கி, 2006-லதான் உள்ள வந்தாங்க. கப்பல்ல பறக்கறதும் வேற, அது கருநீலத் துணி.

சார், கண்காட்சிக்கு நாங்களே தைக்கணும், அளவு சொல்லுங்க

முழு அளவு 220 சென்டிமீட்டர் நீளம், 160 அகலம். மேல் ஓரத்துல இருந்து 15 விட்டு 25 அகலத்துக்கு ஒரு பட்டை, கீழயும் அதே மாதிரி. அப்ப நடுவுல 80 வெள்ளை மிஞ்சும், அதுல நட்சத்திரம். பாதி அளவுல தைக்கறவங்க 110-க்கு 80 எடுத்துக்கிட்டு, ஓரத்துல ஏழரை விட்டு பன்னிரண்டரைக்குப் பட்டை வெட்டுங்க. பட்டையை ஓரத்தோட ஒட்டித் தைச்சிடறாங்க பிள்ளைங்க, அதுதான் வழக்கமா வர்ற தப்பு, ஓரத்துல வெள்ளை தெரியணும்.

நட்சத்திரத்தை ரொப்பி வெட்டக் கூடாது. அது ரெண்டு முக்கோணத்தோட கோடு மட்டும்தான், முழு அளவுல கோட்டுக்கு அஞ்சரை சென்டிமீட்டர் தடிமன், பாதி அளவுல ரெண்டேமுக்கால். முக்கோணத்தோட ஒரு பக்கம் பட்டைக்கு இணையா படுத்திருக்கணும், சாய்ஞ்சா பாக்கறவங்க கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும். கலருக்குக் கடையில போய் வான நீலம் கேட்டா வெளிறின துணியைத்தான் எடுத்துப் போடுவாங்க, கருநீலம் கேட்டா நேவி புளூ வரும், ரெண்டும் வேண்டாம். அடர்த்தியான வான நீலம், மழை விட்ட மறுநாள் உச்சி வெயில்ல தெரியுமே அது. துணியைக் கடைக்கு வெளிய வெளிச்சத்துல கொண்டு வந்து பாத்து வாங்குங்க, டியூப்லைட்ல பாத்தா ஏமாந்துடுவீங்க.